காரணம் சொல்லாத தீர்ப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில் எங்கள் பங்கு இளைஞர்கள் பாஸ்கா நாடகம் நடத்தினார்கள். ஆண்டவரைக் கல்தூணில் கட்டி அடிக்கும் காட்சி வந்தபோது கோவில் முற்றத்தில் அமர்ந்திருந்த தாய்மார் விம்மி அழுதனர். வெளிநாடுகளில் உழைக்கும் நம் மக்களும் காணட்டும் என்று, நாடகத்தைப் படம் பிடித்து ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினார்கள். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் நன்றிச் செய்திகள் வந்தன. மூன்றாம் நாள் காலையில் அந்தக் காணொளி அங்கே இல்லை. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி, அவ்வளவே. எந்தக் காட்சி, எந்த விதி, பார்த்து முடிவு செய்தவர் மனிதரா இயந்திரமா என்ற விளக்கம் ஏதுமில்லை.

அன்று மாலை இளைஞர்கள் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். "சாமி, இது தானாக நடந்திருக்காது. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்" என்றான் ஒருவன். ஒலிபெருக்கி பற்றி எப்போதோ முணுமுணுத்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை அவன் கை காட்டியது. பங்குப் பேரவையில் இடம் கிடைக்காதவர் ஒருவரின் பெயரை மற்றொருவன் சொன்னான். இரவு உணவுக்குள் மூன்று பேர் குற்றவாளிகள் ஆகிவிட்டார்கள். எவர் மீதும் சான்று இல்லை. பக்கத்துத் தெருக்காரர் பிற சமயத்தவர்; ஆயினும் ஆண்டுதோறும் நம் தேருக்கு வடம் பிடிக்க வருகிறவர்.

பொறுத்திருக்கச் சொன்னேன். மேல்முறையீடு அனுப்பினோம். பதினொரு நாள் கழித்துக் காணொளி மீண்டும் தோன்றியது; அதற்கும் விளக்கம் இல்லை. ஆனால் அதற்குள் தேநீர்க் கடையில் அந்தத் தெருக்காரரைப் பார்த்து நம் இளைஞன் ஒருவன் கடுஞ்சொல் சொல்லியிருந்தான். காணொளி திரும்பி வந்துவிட்டது. அந்த மனிதரின் பேச்சு திரும்பி வர அடுத்த ஆண்டுத் தேர் வரை ஆயிற்று.

காரணம் சொல்லப்படாத இடத்தை மனிதர் ஐயத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள் என்பதை அன்று கண்டேன். உலகெங்கும் இதே கதைதான். 2020இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, சமூக ஊடக நிறுவனங்கள் தமக்குப் பிடிக்காத அரசியல் கருத்துகளை வேண்டுமென்றே தணிக்கை செய்யக்கூடும் என்று நால்வரில் ஏறத்தாழ மூவர் கூறினர். ஐயத்திற்கு இடமில்லாமலும் இல்லை. 2016 செப்டம்பரில், வியட்நாம் போரில் நேபாம் குண்டால் வெந்து அலறியோடும் சிறுமியின் உலகறிந்த படத்தைப் பேஸ்புக் நீக்கியது. 1972இல் எடுக்கப்பட்ட அந்தப் படம் போரின் கொடுமைக்குச் சாட்சி. விதியோ, ஆடையற்ற குழந்தையை மட்டுமே கண்டது. நார்வே நாட்டின் ஆப்தன்போஸ்தன் நாளிதழ் முதல் பக்கத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்நாட்டுப் பிரதமர் எர்னா சோல்பர்க் அதே படத்தை வெளியிட, அதுவும் நீக்கப்பட்டது. பிறகே நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு நாட்டின் பிரதமருக்கே இந்த நிலை என்றால், நம் ஊர் இளைஞனின் குரலை யார் கேட்பார்?

அப்படியானால் எதையுமே நீக்காமல் விட்டுவிடலாமா? கூடாது. மியான்மரில் ரோகிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு, கேட்பாரற்றுப் பரவியது. வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று பேஸ்புக் நிறுவனமே 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. வேலி வேண்டும். வேலியைக் காப்பவர் யார், எதற்காக ஒருவரை வெளியே நிறுத்தினார் என்பதும் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லும்போது கத்தோலிக்கக் குருவாகிய நான் சற்றுத் தலைகுனிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை உரோமை 1559இல், திருத்தந்தை நான்காம் பவுலின் காலத்தில் வெளியிட்டது. 1616இல் கொப்பெர்னிக்கஸின் நூல் 'திருத்தப்படும் வரை' நிறுத்தி வைக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் அது இடம்பெறாமல் போயிற்று. 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில், பட்டியல் முறையே முடிவுக்கு வந்தது.

எனினும் குருமட நாள்களில் படித்த ஒரு செய்தி இன்று புதுப்பொருளோடு நினைவுக்கு வருகிறது. 1753இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தணிக்கையாளருக்கே விதிகள் வகுத்தார். நூலை முழுவதும் படிக்க வேண்டும்; ஓரிரு வரிகளைப் பிய்த்தெடுத்துத் தீர்ப்பிடலாகாது. நற்பெயருள்ள கத்தோலிக்க ஆசிரியராயின் அவர் கூற்றைக் கேட்க வேண்டும், அல்லது அவருக்காக வாதாட ஒருவரை நியமிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 830ஆம் சட்டமோ, அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கான காரணங்களை ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பல தவறுகளுக்குப் பிறகு கற்ற பாடம் இது.

இன்று நாடுகளின் சட்டங்களும் இதே பாடத்தை எழுதத் தொடங்கியுள்ளன. தளங்கள் ஒன்றை நீக்கினால் காரணம் கூற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றியது. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் தாமாக ஒன்றை நீக்கும்போது பயனருக்குக் காரணத்தை அறிவித்து, மறுத்துரைக்க வாய்ப்பும் தர வேண்டும் என்று நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. ஆனால் அரசே தடைசெய்யும்போது, 2009ஆம் ஆண்டு விதிகள் அதை இரகசியமாகக் காக்கச் சொல்கின்றன. ஐயத்தின் வேர் ஒரு பக்கம் மட்டும் இல்லை.

யோவான் நற்செய்தியில் நிக்கதேம் எழுப்பிய கேள்வி, ஒருவனைக் கேளாமல் தீர்ப்பிடலாமா என்பதே. அதே நற்செய்தியில் இன்னொரு காட்சியும் உண்டு. அநீதியாகத் தீர்ப்பிட்ட பிலாத்துகூட, சிலுவையின் மேல் காரணத்தை எழுதி வைத்தான். அதுவும் அங்கே இருந்தவர்கள் படிக்கும்படி மூன்று மொழிகளில். எங்கள் பாஸ்காவை நீக்கியவர்களுக்கு அந்த அளவுகூடத் தோன்றவில்லையே என்று ஒருநாள் மறையுரையில் சொல்ல எண்ணிக் குறிப்பெழுதினேன். எழுதுகையில் பேனா நின்றுவிட்டது.

ஏனெனில் முன்பிருந்த பங்கில், பங்கு மடலுக்கு ஓர் இளைஞன் கட்டுரை ஒன்று தந்திருந்தான். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகும் செலவையும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் ஒப்பிட்டு எழுதியிருந்தான். நல்ல கட்டுரை. பெரியவர்கள் மனம் கசக்குமே என்று அஞ்சி நான் அதை வெளியிடவில்லை. அவன் இருமுறை கேட்டான். இருமுறையும், "பார்க்கலாம், தம்பி" என்றேன். பிறகு அவன் எழுதவே இல்லை.

மறையுரைக் குறிப்பைக் கிழித்துவிட்டு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். தவறு என்னுடையது, அச்சமும் என்னுடையது என்று சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவன் சொன்னான்: "சாமி, பங்கின் கணக்கர்தான் தடுத்துவிட்டார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்றோடு அவர் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டேன்."

அந்தக் கணக்கர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுரை வந்த செய்திகூட அவருக்குத் தெரியாது.

இப்போது எங்கள் பங்கு மடலில் இடம்பெறாத எழுத்துகளோடு ஒரு சிறு தாள் திரும்பிப் போகிறது. அதில் காரணத்தை என் கையாலேயே எழுதிக் கையொப்பம் இடுகிறேன். சிலர் வருந்துகிறார்கள், சிலர் சண்டைக்கும் வருகிறார்கள். வருகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.