அம்மாவின் வளையலும் பதினாறு ட்ராக்கும்

வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்து ஜெயித்தவர் யார் என்று கேட்டால் நம்மூரில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: ஏ.ஆர்.ரஹ்மான். வேளச்சேரியில் என் ரூமுக்கு வருகிற நண்பர்களும் வயர் குப்பையைப் பார்த்துவிட்டு, "மச்சி, ரஹ்மானும் இப்படித்தான்டா ஆரம்பிச்சாரு" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பி.காம். கடைசி வருடம் படிக்கிறவனுக்கு எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற வியாதி உண்டு :-)

முதலில் குப்பையின் விவரம். பழைய லேப்டாப் ஒன்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரெண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ். மரச்சட்டத்துக்குள் கிழிந்த பஞ்சு மெத்தையை அடைத்து, மேலே பழைய வேட்டியை இழுத்து ஆணி அடித்த நாலு பலகைகள். கைதட்டினால் வருகிற எதிரொலியை இவை நன்றாகவே குடித்துவிடுகின்றன. ஆனால் பேஸ் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு இன்னும் ரொம்பக் கனமாகப் போட வேண்டும். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்கு வாங்கிய பீசோ தகடுகள். இதைக் குடத்தில் ஒட்டினால் குடமே மைக் ஆகிவிடும். நேராக மைக் இன்புட்டில் சொருகினால் மட்டும் சத்தம் தகர டப்பா மாதிரி மெலிந்து வரும். பீசோவின் இம்பீடன்ஸ் மிக அதிகம். மைக் இன்புட்டின் இம்பீடன்ஸ் குறைவாக இருப்பதால் கீழ் ஸ்தாயி எல்லாம் காணாமல் போய்விடுகிறது. நடுவில் ஒரே ஒரு எஃப்.ஈ.டி. டிரான்சிஸ்டரும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்துச் சின்ன சர்க்யூட் சால்டர் செய்தால் குடத்தின் வயிறு முழுசாகக் கேட்கும்.

இத்தனையும் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அப்பாவின் கேசியோ கீபோர்டு தண்ணீரில் போனது. இப்போது முதல் மாடிக்கு வந்துவிட்டாலும் அம்மா எதையும் தரையில் வைக்க விடுவதில்லை.

இந்த ரூமில் நான் அதிகம் கேட்கிற ரெக்கார்டு சரண்ஜித் சிங்குடையது. மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் மூன்றே மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். ஜுபிடர்-8 சிந்தசைசர், டி.ஆர்.-808 டிரம் மெஷின், டி.பி.-303 பேஸ் மெஷின். அதில் வரும் பூபாளியை நம்மவர்கள் கேட்டால் மோகனம் என்பார்கள், மால்கவுன்ஸை ஹிந்தோளம் என்பார்கள். 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற வசதி இருக்கிறது. பேஸ் கிட்டார்க்காரருக்குப் பதிலாக என்று செய்த கருவி அது. அந்த வேலைக்கு யாரும் சீந்தாததால் 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே கருவியை வைத்து 1987-ல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு வெளியிட்ட பாட்டிலிருந்துதான் 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையே பிறந்தது. சிங்கின் ரெக்கார்டோ விற்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆன பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. 2015-ல் காலமானார்.

இப்போது ரஹ்மான் கதைக்கு வருவோம். கோடம்பாக்கம் வீட்டின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ கட்டினார், அதுதான் பஞ்சதன் ரெக்கார்ட் இன். அறை இருந்தது, கருவி வாங்கக் காசு இல்லை. அப்போது அவர் அம்மா கரீமா பேகம் நகைகளைப் பணமாக்கிக் கொடுக்க, பதினாறு ட்ராக் ஃபாஸ்டெக்ஸ் ரெக்கார்டர் வந்தது. ரஹ்மானே பேட்டிகளில் சொன்ன கதை இது. 1992-ல் 'ரோஜா' வந்தது, தேசிய விருதும் வந்தது.

போன மாதம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா இந்தக் கதையை எங்கேயோ கேட்டுவிட்டு என்னிடம், "உனக்கு எல்லாம் சேர்த்து எவ்ளோடா ஆகும்?" என்றார். சொல்லும்போதே கை வளையலைத் திருகிக்கொண்டிருந்தது. அக்கா கல்யாணம் இன்னும் முடியவில்லை. "இப்ப ஒண்ணும் வேணாம்மா" என்று எழுந்து போய்விட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாம் அந்தக் கதையைப் பாதியில் இருந்துதான் சொல்கிறோம். ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் அவர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பதினோரு வயதிலேயே பையன் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டான். அப்புறம் இளையராஜா உட்படப் பலரிடம் வாசித்தது, விளம்பர ஜிங்கிள்கள் செய்தது எல்லாம் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல். அந்த நகை வீட்டை விட்டுப் போனபோது வாசலில் வேலை காத்திருந்தது. வாங்கத் தயாராக ஆட்கள் இருக்கும்போது மெஷின் வாங்குவதும், ஆளே இல்லாமல் மெஷின் வாங்குவதும் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில்தான் ஏறும். ஆனால் ரெண்டும் ஒன்றா?

சரண்ஜித் சிங் கணக்கு வேறு மாதிரி. ரெக்கார்டு ஓடாதபோதும் அவருக்கு வாசிக்கத் தெரிந்த தொழில் கையில் இருந்தது. தோல்வி அவர் வீட்டு அடுப்பை அணைக்கவில்லை.

என்னிடம் இதுவரை வந்த ஆர்டர் ரெண்டு. ஒரு சீனியரின் குறும்படம், பக்கத்துத் தெரு யோகா வகுப்புக்கு அரைமணி நேர தம்புரா மாதிரி ஒரு டிரோன். ரெண்டுக்கும் சேர்த்து வந்தது நாலாயிரம் ரூபாய். இந்தக் கணக்குக்கு எந்த அம்மாவின் வளையலும் போகக்கூடாது.

ஆகவே மக்களே, படிப்பு முடிந்ததும் ஆடிட்டர் ஆபீஸில் சேரப் போகிறேன். சம்பளத்தில் மாதம் ஒரு தொகை தனியாக எடுத்து வைத்து, சொந்தக் காசில் வாங்கும் முதல் சாமான் ஒரு நல்ல மைக். அதுவரைக்கும் குடம் இருக்கிறது, பீசோ இருக்கிறது. மோகனத்துக்கு ஐந்து ஸ்வரம் போதும், அதற்கு யாரும் வட்டி கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் ஓட்டை மெத்தை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இன்னும் ரெண்டு பலகை பாக்கி இருக்கிறது.