விலக்குதலும் ஆறுதல் கூறுதலும்

ஏவல் வினைக்கு இரு முகங்கள் உண்டு. ‘செய்’ என்பது ஒன்று. ‘செய்யாதே’ என்பது மற்றொன்று. விலக்குகின்ற சொல் எப்பொழுதும் கடுஞ்சொல்லாக இருப்பதில்லை. துயருற்றவனின் தோளைத் தொட்டுக் ‘கவலைப்படாதே’ என்னும்பொழுது, எதிர்மறை ஏவலே ஆறுதல் மொழியாகிவிடுகின்றது. இவ்வாறுதலை இத்தாலிய மொழியில் கூற விழையும் தமிழ் மாணவன், ஒரு சிறிய அசையின் அருமையை உணர்ந்தாக வேண்டும்.

கவலைப்படுதலைக் குறிக்கும் இத்தாலிய வினை ‘ப்ரெயோக்குப்பார்சி’ என்பதாம். செயலின் பயன் செய்தவனையே சென்று சேரும் தற்சுட்டு வினை இது. ஈற்றிலுள்ள ‘சி’, ‘தன்னை’ எனப் பொருள்படும். தமிழில் ‘வருத்திக்கொள்’ என்னும்பொழுது, ‘கொள்’ என்னும் துணைவினை ஏறத்தாழ இப்பணியை ஆற்றுகின்றது. ஆயினும், ‘கொள்’ மூவிடத்திற்கும் பொது. இத்தாலிய அசையோ இடத்திற்கேற்ப மாறும். முன்னிலை ஒருமைக்குத் ‘தி’, பன்மைக்கு ‘வி’.

‘கவலைப்படு’ என்பதற்கு ‘ப்ரெயோக்குப்பத்தி’ என்பர். இதன்முன் ‘நொன்’ என்னும் எதிர்மறைச் சொல்லைச் சேர்த்தால் போதும் என்று மாணவன் எண்ணுவது இயல்பே. பன்மைக்கு அம்முறை பொருந்தும்: ‘நொன் ப்ரெயோக்குப்பாத்தெவி’. ஒருமைக்குப் பொருந்தாது. ‘நீ’ என்று அழைக்கத்தக்க ஒருவரை விலக்கும்பொழுது, இத்தாலியம் ஏவல் வடிவத்தைக் கைவிட்டு, அகராதியில் காணும் மூல வடிவத்தை மேற்கொள்ளும். ‘பேசாதே’ என்பது ‘நொன் பார்லாரெ’. தற்சுட்டு வினையாயின், மூல வடிவத்தின் ஈற்று எகரம் கெட்டுத் ‘தி’ வந்து ஒட்டும்: ‘நொன் ப்ரெயோக்குப்பார்த்தி’. அன்றி, ‘நொன் தி ப்ரெயோக்குப்பாரெ’ என்று அவ்வசை வினைக்கு முன்னும் நிற்கலாம். இரண்டும் வழுவற்றவையே.

மதிப்பிற்குரியவரிடம் ‘நொன் சி ப்ரெயோக்குப்பி’ என்றல் வேண்டும். இங்கே ‘சி’ வினைக்கு முன்னரே நிற்கும், பின்னே செல்லாது. எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவது இத்தாலியரின் மரியாதை. ‘தாம்’ என்னும் படர்க்கைச் சொல்லினின்று பிறந்த ‘தாங்கள்’ என்பதால் பெரியோரை அழைக்கும் தமிழர்க்கு இப்பண்பு புதிதன்று.

இனி, அச்சிறிய அசை இல்லாதவிடத்து நேர்வது யாது? மூல வடிவத்தில் இடம் காட்டும் விகுதி இல்லை. ‘நொன் பார்லாரெ’ என்பது ஒரு குழந்தையிடம் கூறியதாகவும் இருக்கலாம். சுவரில் எழுதிய பொது அறிவிப்பாகவும் இருக்கலாம். இத்தாலிய ரயில் பெட்டிகளின் சன்னல்களில், ‘எ பெரிக்கொலோஸோ ஸ்போர்ஜெர்சி’ என்னும் எச்சரிக்கை நெடுங்காலம் காணப்பட்டது. ‘வெளியே சாய்ந்து நீட்டுவது ஆபத்தானது’ என்பது அதன் பொருள். அங்கே ‘சி’ தன் நிலையிலேயே நிற்கின்றது. ஏனெனில், அவ்வாசகம் பயணிகள் எல்லாருக்கும் உரியது. தனி ஒருவர்க்கு உரியதன்று.

மாணவன் மறந்து ‘நொன் ப்ரெயோக்குப்பார்சி’ என்று கூறிவிட்டால், அவனது ஆறுதலும் அத்தகைய அறிவிப்பாகவே ஒலிக்கும். சொல்லில் பொருள் இருக்கும், கேட்பவர் இருக்கமாட்டார். ‘சி’ நீங்கித் ‘தி’ வந்தமர்ந்ததும், ‘உன்னைத்தான் சொல்கிறேன்’ என்னும் பரிவு அச்சொல்லில் புகுந்துவிடுகின்றது.

இலக்கணத்தை வறண்ட பாடம் என்று ஒதுக்கும் மாணவர் பலர். துன்பத்தில் இருப்பவர்க்குத் தேவைப்படுவது பொதுவான அறிவுரையன்று. தம்மை நோக்கி வரும் ஒரு சொல். அந்நோக்கினை இத்தாலிய இலக்கணம் ஓரசையில் வைத்துக் காத்து வருகின்றது.