கப் சென்னைக்கு... கிரவுண்டு எங்கே?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் பார்க் ஸ்டேஷன். இறங்கி, சாலையைக் கடந்து, ரிப்பன் மாளிகையின் பின்பக்கம் நடந்தால் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் வந்துவிடும்.

2025 ஜூன் மாதம், ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் நடந்தது. அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' வகை. மொத்தம் ஆறு அணிகள். ஃபைனலில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று நொறுக்கி, கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ். ஆனால், அந்த சீசனில் சென்னை அணி ஒரு மேட்ச்சைக்கூட சென்னையில் ஆடவில்லை. எல்லா ஆட்டங்களும் மும்பை அந்தேரியில்தான்!

சென்னையில் ரக்பிக்கு எங்கே இடம் என்று யோசித்தால், நேரு ஸ்டேடியத்தின் கதை நினைவுக்கு வருகிறது.

புலி போச்சு, பேட் போச்சு!

தாம்பரம், வண்டலூர் பக்கம் இருக்கும் தாத்தா, பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். புலி, சிங்கம் பார்க்க அவர்கள் சென்ட்ரலுக்குத்தான் போனார்கள். இன்று ஸ்டேடியம் இருக்கும் இந்த வட்டாரத்தில்தான் அன்றைய 'உயிர் காலேஜ்' இருந்தது. 1985-ல் அது வண்டலூருக்கு இடம் மாறியது.

பக்கத்திலேயே இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இங்கேதான். அந்த உலக சாதனையை முறியடிக்க 52 வருஷம் ஆனது! 1965 வரை இங்கே 9 டெஸ்ட்கள் நடந்தன. அப்புறம் கிரிக்கெட், சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

1993-ல் புத்தம் புதிதாக எழுந்தது இன்றைய ஸ்டேடியம். நடுவில் ஃபுட்பால் மைதானம், சுற்றி ஓட்டப்பந்தயத் தடம். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது. 2014-ல் சென்னையின் எஃப்.சி. வந்ததும் கேலரியெல்லாம் நீலமாக மாறியது.

ரக்பிக்கு என்ன வேண்டும்?

ஆங்கில 'ஹெச்' எழுத்து வடிவில் இரண்டு கோல் கம்பங்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குறைந்தது 6 மீட்டர் இடம். அங்கே பந்தைத் தரையில் அழுத்தினால்தான் 'ட்ரை', 5 பாயின்ட். ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றி ஓடும் தடத்தின் வளைவு, அந்த மூலைகளைக் கொஞ்சம் நெருக்கும். அளவைச் சற்றுக் குறைத்துக் கோடு போட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல புல்தரை வேண்டும். ஆளை இழுத்துக் கீழே தள்ளும் ஆட்டம் இது. தரை கட்டாந்தரையாக இருந்தால், பிள்ளைகளை அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

புலிக்கும் பேட்டுக்கும் பந்துக்கும் மாறி மாறி இடம் கொடுத்த மண் இது. இன்னொரு ஆட்டத்துக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஜெயித்த அணியை டி.வி-யில் பார்த்துக் கைதட்டியவர்கள், கேலரியில் உட்கார்ந்து கைதட்ட ஒரு நாள் கிடைத்தால் போதும்.

தாம்பரத்துப் பிள்ளைகள் அதற்காக மும்பைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பார்க் ஸ்டேஷனுக்கு எடுத்தால் போதும்!