அஞ்சு நிமிஷ வேலை

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். "சார், ஒரு சின்னப் படம். மாப்பிள்ளை, பொண்ணு, பின்னாடி கோபுரம், ரெண்டு பக்கமும் யானை. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. காலைல ஏழு மணிக்குக் குடுத்துடுங்க."

'அஞ்சு நிமிஷம்தான்னா நீங்களே போட்டுக்கலாமே தம்பி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம்.

நான் படம் போட்டுப் பிழைக்கிறவன். மாசச் சம்பளம் கிடையாது. கதைக்குப் படம், புத்தக அட்டை, குழந்தைகள் புத்தகத்தில் தவளையின் வாழ்க்கை, கல்யாணப் பத்திரிகை... எது வந்தாலும் சரி. ஏனாத்தூரில், யுனிவர்சிட்டி பஸ் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரர் இன்னமும் கேட்கிறார்: "படம் போடறதெல்லாம் சரி. வேலை எங்க பார்க்கறீங்க?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அப்பாவையும் ஊர் அப்படித்தான் கேட்டது.

நான் பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் பென்சில் சீவுகிற சத்தம். அப்பா, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர்.

அது என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பெரிய கிராஃப் தாள். அதில் கோடி கட்டங்கள் இருப்பது போல எனக்குச் சின்ன வயசில் தோன்றும். அன்னமோ, யாளியோ, மயிலோ, எதுவானாலும் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் வரைய வேண்டும். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு ஓட்டை. நிரப்பாத கட்டத்துக்கு ஓட்டை கிடையாது. ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அந்த அட்டைகளைக் கோத்து மாலையாக்கித் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். நடுவில் ஜரிகை ஓடும். கரையில் அன்னம் நிற்கும்.

பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த அட்டை யோசனையைத்தான் பிற்பாடு சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணக்குப் போடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குத் தாத்தா தறி என்று சொன்னால் தப்பில்லை. பேரன் திரும்பி வந்து, கிராஃப் தாள் வேலையைத் தானே செய்ய ஆரம்பித்தபோது அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வரதராஜப் பெருமாள் கோயில் நூறு கால் மண்டபத்துக்குக் கூட்டிப் போவார். ஒரு தூணுக்கு முன்னால் உட்கார்ந்தால் புளியோதரை காய்கிற வரை எழுந்திருக்க மாட்டார். வீட்டில் தாத்தா சேர்த்துவைத்த பழைய விகடன் பைண்டு ஒன்று உண்டு. அதில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்'. கல்லில் இருக்கிற சிலை, காகிதத்தில் மூச்சு விடும். அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

நான் பார்த்தது வேறொன்றை. படத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து.

"ஏம்ப்பா, நீ மட்டும் ஏன் கையெழுத்துப் போடறதில்ல?"

"புடவைல எங்கடா போடறது? கட்டிக்கிறவங்க பேருதான் புடவைக்கு."

அப்போது அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

1994-ல் அப்பா ஓர் அன்னக் கரை போட்டார். மூன்று வார வேலை. கூலி 400 ரூபாய், ஒரே தடவை. அட்டை அடித்துத் தறியில் ஏற்றிய பிறகுதான் கவனித்தார், அலகுக்குக் கீழே ஒரு கட்டம் அதிகமாக நிரம்பியிருந்தது. அன்னம் ஏதோ தானியத்தைக் கொத்துகிற மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் ஒரு மாசம் தூக்கமில்லை. புடவை நீளத்துக்கும் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருமே!

2003-ல் ஒரு உறவுக்காரர் கல்யாணம். முன் வரிசையில் ஒரு அம்மா. அப்பா திடீரென்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அம்மாவின் புடவைக் கரையில் அன்னம். அலகுக்குக் கீழே அந்த ஒரு கட்டம்!

"நம்ம புடவைப்பா!" என்றேன்.

"இல்லடா. உடம்பும் கரையும் சேர்ற இடத்தைப் பாரு, கோர்வையே இல்ல. இது பவர்லூம்ல ஓட்டினது. எவனோ தப்பையும் சேர்த்து எடுத்துட்டான்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அப்பா 2011-ல் போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து எனக்கும் நடந்தது. நான் ஒரு பத்திரிகைக் கதைக்குப் போட்ட கிராமத்துப் படம், யாரோ ஒருவருடைய காலண்டரில் தொங்கியது. என் கையெழுத்தை மட்டும் சுத்தமாக அழித்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு வக்கீல் நண்பரிடம் உட்கார்ந்து சட்டம் கேட்டேன்.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படம் போடலாம். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை வரைந்தவரின் ஆயுசுக்கும், அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் உண்டு. ஆனால் காசு கொடுத்து வரையச் சொன்ன சில வகைப் படங்களுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் சொந்தக்காரர். அதனால் எழுதி வாங்குவது முக்கியம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்கு என்று போடாவிட்டால் 5 வருஷம் என்று கணக்கு. ஒன்று மட்டும் விற்றாலும் போகாது. 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்கிற உரிமை, 57-வது பிரிவு.

"எங்க அப்பா டிசைனுக்கு?" என்று கேட்டேன்.

நண்பர் கொஞ்சம் தயங்கினார். துணிக்குப் போடுகிற டிசைனைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். செய்யாமல் விட்டால், அந்த டிசைனில் 50 உருப்படிக்கு மேல் தயாரானதுமே பதிப்புரிமை முடிந்துவிடும்.

எனக்கு, செத்த பிறகும் 60 வருஷம். அப்பாவுக்கு, 50 புடவை!

கையெழுத்தைப் பார்க்காமலே இது மாருதி, இது ஜெயராஜ், இது ம.செ. என்று சொல்லிவிடுகிற வாசகர்கள் நீங்கள். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை, படத்தின் ஓரத்தில் பெயர் போட இடம் இருந்தது. அதே அளவு கை சுத்தமான எத்தனை பேர் பிள்ளையார்பாளையத்தில் பெயரில்லாமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரின் மகன் நான்.

அதனால் அந்த ராத்திரி போன்காரத் தம்பியிடம் மூன்று விஷயம் சொன்னேன். படம் எதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பணும். பாதிப் பணம் முன்னாடி வரணும். ஓரத்தில் என் பெயர் இருக்கும்.

"என்ன சார் நீங்க, சின்னப் படத்துக்குப் போய்... கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா ஓசியிலேயே போட்டுக் குடுக்குது" என்று வைத்துவிட்டார். இதை எழுதுகிற வரை திரும்பக் கூப்பிடவில்லை. ஃபீஸுக்கு மச்சானிடம் கேட்டிருக்கிறேன். வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டு பீரோவில் 1994-க்குப் பிறகு எடுத்த காஞ்சிப் பட்டு இருக்கிறதா? ஒரு தடவை கரையைப் பிரித்துப் பாருங்கள். அன்னம் இருந்தால், அலகுக்குக் கீழே பாருங்கள். ஒரு கட்டம் அதிகமாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அது எங்க அப்பா கையெழுத்து.