ஒன்பது மைக்ரான்

கோவைக்கு வெளியே ஒரு கல்லூரி வளாகம். நூலகத்திலிருந்து புதிதாகக் கட்டிய ஆய்வகம் வரை 260 மீட்டர். பள்ளம் தோண்டி ஃபைபர் போடவேண்டும். 2011இல், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே, எந்த ஃபைபர் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மல்ட்டிமோட் என்று எழுதினேன். சிங்கிள் மோடுக்கு வேண்டிய லேசர் மாட்யூல் விலை கூடுதல். மிச்சம் பிடித்ததற்காக மேலாளர் பாராட்டவும் செய்தார்.

ஸ்ப்ளைசிங் செய்ய வந்த அண்ணன் மட்டும் கேட்டார். "சிங்கிள் மோட் போட்டுருங்க தம்பி. வெலையெல்லாம் மாட்யூல்லதான, கேபிள்ல இல்லீங்களே?"

நான் பொறியியல் படித்தவன். 1 ஜிகாபிட் வேகத்துக்கு இந்த வகை 550 மீட்டர் வரை தாங்கும் என்று அட்டவணையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அட்டவணையில் பொய் இல்லை. ஆனால் அதே அட்டவணையில் அடுத்த வரி இருந்தது: 10 ஜிகாபிட் என்றால் 82 மீட்டர்தான். அந்த வரி அன்று எனக்குத் தேவைப்படவில்லை.

காரணம் எளிது. நான் போட்ட மல்ட்டிமோட் இழையின் நடுத்தண்டு 50 மைக்ரான் அகலம். அதற்குள் ஒளி ஒரே நேரத்தில் பல வழிகளில் போகும். எல்லாம் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்றாக வந்து சேராது. திருவிழாவுக்குச் சேர்ந்து புறப்பட்ட சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதைப் போல, ஒரு துடிப்பு இழுபட்டு அடுத்த துடிப்பின்மேல் ஏறிவிடும். வேகம் கூடக்கூடத் துடிப்புகளின் இடைவெளி குறைகிறது, குழப்பம் சீக்கிரம் வந்துவிடுகிறது. சிங்கிள் மோடில் நடுத்தண்டு சுமார் 9 மைக்ரான். அந்த அகலத்தில், 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், ஒளி செல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. முந்துவதற்கும் பிந்துவதற்கும் இன்னொன்று கிடையாது.

2019இல் அந்த ஆய்வகத்துக்கு 10 ஜிகாபிட் கேட்டார்கள். பழைய பள்ளத்தின்மேல் அதற்குள் கான்கிரீட் சாலை வந்திருந்தது. மாட்யூலில் நான் மிச்சம் பிடித்த பணம் அந்தச் சாலையை உடைக்கும் கூலிக்கே காணாது. "இதை யாருங்க முடிவு பண்ணது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தத் தாளில் என் கையெழுத்து இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "நான்தான் சார்" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இம்முறை சிங்கிள் மோட். அதே அண்ணன்தான் வந்தார். பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் சிங்கிள் மோடின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. இழையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நேராக வெட்டி, மெஷினில் வைத்தார். இரண்டு 9 மைக்ரான் முனைகள் நேருக்கு நேர் நின்றாகவேண்டும். 50 மைக்ரானில் மன்னிக்கப்படும் சிறு விலகல் இங்கே மன்னிக்கப்படாது. மெஷின் திரையில் 0.02 டெசிபல் என்று வந்ததும் தலையாட்டினார்.

ஆனாலும் லிங்க் வரவில்லை. நான் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன். அவர் கனெக்டர் முனையை ஸ்கோப்பில் காட்டினார். நட்டநடுவில் ஒரு தூசி. கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் ஒளியின் ஒரே வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ரேக்கின் பின்னால் நான் டையால் இறுக்கிக் கட்டியிருந்த வளைவையும் அவிழ்க்கச் சொன்னார். இறுக்கி வளைத்தால் ஒளி வெளியே கசியும்.

"வெளிச்சம் வருதான்னு உள்ள எட்டிப் பாத்துராதீங்க தம்பி. கண்ணுக்குத் தெரியாத லேசர்."

ஓரிழை வழியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வழி ஒன்று என்பதால்தான் தூரம் போகிறது. வழி ஒன்று என்பதால்தான் ஒரு தூசி போதுமாக இருக்கிறது. 1966இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் கண்ணாடி கிடைத்தால் தொலைத்தொடர்புக்கு உதவும் என்றார்கள். அதாவது, ஒரு கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்று 1550 நானோமீட்டரில் இழப்பு சுமார் 0.2 டெசிபல், 50 கிலோமீட்டர் போனாலும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் போகும் கேபிளில் இருப்பதும் இந்த வகை இழைதான். வழியில் பெருக்கிகள் கைகொடுக்கின்றன. எங்களுக்கு வேண்டியது 260 மீட்டர்.

துடைத்துச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த கட்டடத்துக்கான தாளை அன்றே நிரப்பினேன். எட்டு கோர் போதும் என்று கணக்கு சொன்னது. அண்ணனிடம் கேட்டேன்.

"இருபத்துநாலு போடுங்க. கண்ணாடி வெல கம்மி தம்பி, குழி வெலதான் ஜாஸ்தி."

24 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.