சல்லடை சொல்லும் ஜாதி

காப்பிக்கொட்டைக்கும் ஜாதி உண்டு. நம் தேசத்தில் அதை வகுப்பது பெரும்பாலும் சல்லடைதான்: துளைக்குமேல் தங்கினால் 'ஏ', நழுவினால் 'பி', 'ஸி'. பழத்துக்குள் ஜோடியில்லாமல் உருண்டு வளர்ந்த பீபரிக்குத் தனி மரியாதை. குவாதமாலாக்காரர் விளைந்த மலையின் உயரத்தைக் கேட்பார். சுமார் 4,500 அடிக்கு மேலென்றால் உயர்குலம். எத்தியோப்பியரோ 300 கிராம் கொட்டையைப் பரப்பிச் சொத்தையை எண்ணுவார். என் ஓட்டு அவருக்கே. கொட்டை எத்தனை பெருத்தென்ன, நாலு சொத்தை சேர்ந்தால் டிகாக்ஷன் போச்சு!

எங்கள் நாகமலைப் புதுக்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கடையில் 'ஸி' என்று கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். தாண்டிக்குடிச் சரக்குதான். வீட்டில் அவர் சம்சாரம் அதை முறத்தில் பரப்பி, கறுப்பையும் உடைசலையும் பொறுக்கித் தள்ளிவிடுவார். வறுத்து, கையால் அரைத்து, அந்த அம்மாள் கொடுத்த காப்பிக்கு நான் வாங்கும் 'ஏ' உறைபோடக் காணாது, ஸ்வாமி!