அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. புதிதாக எழுதுவது குறைவு. யாரோ எப்போதோ எழுதிய நிரலைப் படிப்பதில்தான் பெரும்பொழுது போகிறது. பார்ப்பவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. திரையை வெறித்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஷாம்பு, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. அட்டவணையில் ஓர் எண்ணைத் திருத்தினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் 20ஆம் தேதி வாங்கிய ஷாம்புவை ஒருவர் 25ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால்? பழைய பில்லில் போட்ட 18 சதவீதத்தைத்தான் கழிக்க வேண்டும். ஆகவே பழைய விகிதத்தை அழிக்கக் கூடாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற விவரத்தோடு அது இருக்க வேண்டும். ரிட்டர்ன் போடும்போது மூல பில்லைத்தான் பார்க்க வேண்டும், இன்றைய தேதியை அல்ல. இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கணக்கரும் கல்லாவில் இருப்பவரும். அவர்களிடம் கேட்டறிந்து நிரலுக்குள் கொண்டுவருவதுதான் என் தொழில்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைப் பிடித்துவிட்டார். நிரலின் சாரம் எழுதிய வரிகளில் இல்லை, எழுதியவர்கள் மனத்தில் உருவான புரிதலில் இருக்கிறது என்பது அவர் வாதம். எழுதிய குழு கலைந்தால் நிரல் செத்துப்போகிறது. அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொட்டுத் திருத்த யாருக்கும் துணிச்சல் வராது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ‘கிட் பிளேம்’ என்று தட்டினால், ஒரு வரியைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று தெரிந்துவிடும். ஏன் மாற்றினார் என்பது, அவரே குறித்து வைத்திருந்தால்தான் உண்டு. அதனால் நான் திருத்தம் சேர்க்கும்போதெல்லாம் என்ன செய்தேன் என்பதை ஒரு வரியிலும், ஏன் செய்தேன் என்பதை நான்கு வரியிலும் எழுதுகிறேன்.

இப்போது நாம் கேட்ட நிரலைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ரிட்டர்னையும் கணக்கில் எடு என்றால் எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்படிச் சொல்ல நமக்குத் தோன்ற வேண்டும். அறிவுத் தொழிலாளர்களைப் பற்றி 1959லேயே பேசிய மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், அவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘என் வேலை எது’ என்பதைத்தான் என்று பின்னாளில் வலியுறுத்தினார்.

புதிதாகச் சேர்பவர்களை நான் உடனே நிரலுக்குள் விடுவதில்லை. ஒரு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். ரிட்டர்ன், கடன் பாக்கி, சில்லறைத் தகராறு எல்லாம் பார்த்துவிட்டு வருபவர் கேட்கும் கேள்விகளே வேறு.